ஏதென்ஸ் 'கடன் நடை': போகலாம், குறை உண்டு

சின்டாக்மா சதுக்கத்தில் தொடங்கும் இந்த நடைச் சுற்றுலாவில் கோயில் இடிபாடு எதுவும் கிடையாது, பேச்செல்லாம் கிரீஸ் நாட்டின் கடன் நெருக்கடிதான். ஒரு ஏடிஎம் முன் நிறுத்தி, 2015 ஜூலையில் நாளுக்கு 60 யூரோதான் எடுக்க முடியும், இருபது யூரோ தாள் தீர்ந்த இயந்திரத்தில் 50தான் வரும் என்றார் வழிகாட்டி. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று அந்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றும், அடுத்த வாரமே அரசு கடும் நிபந்தனைகளுக்குத் தலையாட்டியதாம்.

சிறந்த இடம் நாட்டின் மத்திய வங்கியான கிரீஸ் வங்கி வாசல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நாஜிக்கள் இங்கே பறித்த கட்டாயக் கடனைத் திருப்பிக் கேட்கும் குரல் 2015இல் மறுபடி எழுந்தது. அந்தப் போருக்குப் பின் இனிப் பகை வேண்டாமென்றுதானே 1951இல் மேற்கு ஜெர்மனி உட்பட ஆறு ஐரோப்பிய நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்கி, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விதை போட்டன? அந்தக் கதையை மட்டும் வழிகாட்டி இரண்டே வரியில் முடித்துவிட்டார். அப்புறம், நிழலே இல்லை, தொப்பி அவசியம்.