மருந்து அடிப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தவர்: கரப்பான் ஒழிப்புச் சேவை, என் அனுபவம்

திருச்சி உறையூரில் வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். தில்லை நகர்ப் பக்கம் கிளினிக், கடை, ஆபீஸ் என்று தினம் 35 கேரியர் போகிறது. 9 வருஷத் தொழில். அப்படிப்பட்ட சமையலறையில் கரப்பான் இருந்தது என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஏழு மாதம் காசைக் கொட்டியும் போகாத பூச்சி, ஒருவர் வந்து உட்கார்ந்து "இது எந்தக் கரப்பான்" என்று பார்த்த பிறகுதான் போனது. என்னைப் போல் சமைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியவேண்டும்.

முதலில் ஒரு கம்பெனியிடம் வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தேன், 4,500 ரூபாய். இரண்டு பையன்கள் வருவார்கள், முதுகில் டேங்க். குளியலறை, சமையலறை, ஹால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, பத்தே நிமிஷம், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எந்தப் பூச்சி, எங்கே வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. இரண்டு நாள் அடங்கியிருக்கும். மூன்றாம் நாள், அதுவரை கரப்பானையே பார்க்காத பருப்பு அலமாரியில் ஓடும். ஒருநாள் காலையில் கேரியர் அடுக்கும்போது மூடியின் உள்பக்க விளிம்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு குட்டி நகர்ந்தது. அன்றைக்கு அத்தனை கேரியரையும் கொதிநீரில் போட்டுக் கழுவி, சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் போனது. அந்த வாரமே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்லப்போகிறவர் தனியாள். கம்பெனி, போர்டு எதுவும் கிடையாது, பைக்கில் வருவார். என் எதிர்வீட்டில் கரையானுக்கு வேலை பார்த்தவர். நம்பரைப் பொதுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன், முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். நீங்களும் கேளுங்கள். வீடுகளுக்கு வந்து மருந்து அடிக்கிற தொழிலுக்கு 1968ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும்.

முதல் நாள் ராத்திரி ஏழரைக்கு வந்தார். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் யாரும் உள்ளே போகவேண்டாம் என்றார். பிறகு டார்ச்சோடு உள்ளே போனார். "இன்னைக்கு மருந்து இல்லக்கா, பாக்க மட்டுந்தான் வந்திருக்கேன்" என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பார்ப்பதற்கு மட்டும் 300 ரூபாயா என்று நினைத்தேன். கேஸ் அடுப்புக்கு அடியில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க் அடியில், டீப் ஃப்ரீசர் பின்னால் என்று எட்டு இடத்தில் பசை அட்டை வைத்தார். எல்லாவற்றையும் சுவரை ஒட்டியே வைத்தார். கரப்பான் நடுத்தரையில் நடக்காதாம், ஓரத்தில் உடம்பு உரசிக்கொண்டே போகுமாம்.

மறுநாள் காலை அந்த அட்டைகளை வாசல் திண்ணையில் வெளிச்சத்தில் பரப்பி, ஒரு லென்ஸை என் கையில் கொடுத்தார். 54 வயதில் நான் முதல்முறையாக ஒரு கரப்பானை அருவருப்பு விட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். ஃப்ரீசர் பின்னால் வைத்த அட்டையில் மட்டும் 44. எல்லாம் சின்னது, வறுத்த கோதுமை நிறம், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றுகூட இல்லை. தலையை மூடினாற்போல் ஒரு கவசம் இருக்கிறதே, அதன் மேல் அடுத்தடுத்து இரண்டு கறுப்புக் கோடு, மை பென்சிலால் இழுத்தமாதிரி.

"இதெல்லாம் குட்டிதானே தம்பி, வளந்தா அந்தப் பெரிய செவப்புக் கரப்பானா ஆயிடும்?" என்று கேட்டேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எறக்கை இருக்கா பாருங்க." லென்ஸில் பார்த்தேன். வால் வரை மூடியிருந்தது இறக்கை. "எறக்கை வந்துட்டா அதுக்கு மேல வளராதுக்கா. இது முழுசா வளந்த ஆளு. இது வேற சாதி, அந்தப் பெருசு வேற சாதி."

எனக்கு இத்தனை நாள் புரியாத கணக்கு அந்த ஒரு வார்த்தையில் புரிந்தது. ராத்திரி குளியலறையில் தென்படும் பெரிய கரப்பானை அடித்துக் கொன்றுவிட்டு, தாயைக் கொன்றாயிற்று, இனி குட்டி வராது என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சின்னது, அந்த இரட்டைக் கோட்டுக்காரன், ஜெர்மன் கரப்பான். இறக்கை இருந்தும் பறக்காது. சூடும் ஈரமும் சேர்ந்த இடுக்கில்தான் குடித்தனம். குட்டிகள் கறுப்பாக, முதுகு நடுவில் வெளிறிய பட்டையோடு இருக்கும். பசையில் ஒட்டியிருந்த ஒரு பெண் பூச்சியின் பின்பக்கத்தில் சின்ன பர்ஸ் போல வெளிர்பழுப்பில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முட்டைப்பை. அதற்குள் 30, 40 முட்டை இருக்குமாம். வீட்டில் தென்படும் மற்ற கரப்பான்கள் முட்டையை எங்காவது போட்டுவிட்டுப் போய்விடும். இது மட்டும் பொரிக்கப்போகிற நேரம் வரை சுமந்துகொண்டே திரியும். பொரித்த குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானும் முட்டை சுமக்க ஆரம்பித்துவிடும். ஏழு மாதத்தில் என் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்தான் ஜெர்மன். என் மகள் விலங்கியல் படிக்கிறாள். 2024இல் வந்த ஒரு மரபணு ஆய்வைப் படித்துச் சொன்னாள்: சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னால் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து மனிதர் வீட்டோடு ஒட்டிக்கொண்டதாம் இது. இங்கிருந்து மேற்கே போய், அங்கே பெயர் வாங்கியிருக்கிறது.

பெரியது அமெரிக்கக் கரப்பான். அதன் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. நாலு சென்டிமீட்டர் வரை நீளம், செம்பழுப்பு, கவசத்தைச் சுற்றி மஞ்சள் கரை. இருப்பிடம் சாக்கடை, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்குள் வருவது இரை தேடியும், மழைத் தண்ணீர் சாக்கடையில் ஏறும்போதும்தான். வெயில் காலத்து ராத்திரியில் பறக்கவும் செய்யும். சிங்க் குழாய்க்குப் பின்னால் அதன் முட்டைக்கூடு ஒன்றைச் சுரண்டி எடுத்துக் காட்டினார். புளியங்கொட்டை நிறம், காராமணி அளவு, ஒரு ஓரத்தில் ரம்பப் பல் போல வரி. குளியலறை மூலையில் நான் பலதடவை கூட்டித் தள்ளியிருக்கிறேன், ஏதோ விதை என்று.

மூன்றாவது ஒன்றும் இருந்தது, அதை அவர் கேட்காமலே தேடினார். ஹாலில் செட்டாப் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தார், பிறகு சுவர்க்கடிகாரம், பிறகு சாமி படங்களின் பின்பக்கம். முருகன் படத்தின் அட்டையில் அரிசி அளவு முட்டைக்கூடுகள் நாலு ஒட்டியிருந்தன. பழுப்புப் பட்டைக் கரப்பான் என்று அதற்குப் பெயர். அளவில் ஜெர்மன் போலத்தான், ஆனால் கவசத்தில் இரட்டைக் கோடு கிடையாது, உடம்பின் குறுக்கே வெளிறிய பட்டை ஓடும். தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது, அதனால் ஹால், படுக்கையறை, அலமாரி உச்சி என்று உலர்ந்த இடத்தில் இருக்கும். சமையலறையில் மட்டும் மருந்து வைத்தால் இது பாட்டுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

எப்படி வந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. மூடிப்போன ஒரு ஹோட்டலில் இருந்து போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீப் ஃப்ரீசர்தான். மோட்டார் மூடியைக் கழற்றியதும் உள்ளே காபித்தூள் தெளித்த மாதிரி எச்சம், எண்ணெய் சிக்குப் பிடித்த ஒரு வாடை. நாள் முழுக்க மோட்டார் சூடு, பக்கத்திலேயே சொட்டும் தண்ணீர். வாங்கும்போதே கழற்றிப் பார்த்திருந்தால் இத்தனை செலவே இல்லை.

வைத்தியம் மூன்று விதமாகச் செய்தார். ஜெர்மனுக்கு ஸ்ப்ரே கிடையாது, 0.05 சதவீதம் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த ஜெல்தான். கீல், இடுக்கு, மோட்டார் ஓரம் என்று உளுந்து அளவில் நிறையப் பொட்டு. தின்ற பூச்சி பொந்துக்குள் போய்ச் செத்து, அதன் எச்சத்தையும் உடம்பையும் மற்றது தின்று அதுவும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் அந்த வாடைக்கு ஜெல்லை எதுவும் தொடாது என்று எழுதியே ஒட்டிவிட்டுப் போனார். முன்னால் மருந்து அடித்தபோது பருப்பு அலமாரிக்கு ஓடியதன் காரணமும் அதுதான்: விரட்டினால் சிதறும். ஹாலில் படங்களைத் துடைத்து, முட்டைக்கூடுகளைச் சுரண்டி எரித்து, அலமாரி உச்சியில் ஜெல் வைத்தார். பெரியதற்கு மருந்தைவிடச் சாக்கடை மூடிதான் முக்கியம் என்றார். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னார்.

ஃப்ரீசர் பின்னால் 44 இருந்த அட்டையில் பத்தாம் நாள் 6. பைக்குள் இருக்கும் முட்டையை ஜெல் ஒன்றும் செய்யாது என்பதால் மூன்றாம் வாரம் மறுபடி வந்து புதுப் பொட்டு வைத்தார். நாற்பதாம் நாள் எட்டு அட்டையிலும் சேர்த்து ஒன்று. மூன்று வருகைக்கு 2,400 ரூபாய், முதல் நாள் 300 அதில் கழித்துக்கொண்டார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருகைக்கு சொன்ன நாளில் வரவில்லை, நாலு நாள் தள்ளித்தான் வந்தார், போனும் எடுக்கவில்லை. சமைத்துக் கொடுக்கிற வீட்டில் அந்த நாலு நாள் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பொட்டுகளில் எறும்பு மொய்த்தது, அந்த இடத்தை மாற்ற நான்தான் சொல்லவேண்டியிருந்தது. இரண்டையும் நேரிலும் சொன்னேன், மறுக்கவில்லை.

அவர் மாதிரி ஆள் கிடைக்காத ஊரில் இருந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் நாலு பசை அட்டை வாங்கி ராத்திரி சுவரோரம் வையுங்கள். காலையில் இறக்கை இருக்கிறதா, கழுத்தில் இரட்டைக் கோடு இருக்கிறதா, குறுக்கே பட்டையா, மஞ்சள் கரையா என்று பாருங்கள். எந்த அட்டையில் நிறைய என்று எண்ணுங்கள். வருகிறவரிடம் அதைக் காட்டுங்கள். அதைப் பார்க்காமலே டேங்கைத் தோளில் மாட்டுகிறவரை உள்ளே விடாதீர்கள்.

நான் இப்போதும் வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதற்கு முன் ஃப்ரீசர் பின்னால் அட்டையை எடுத்துப் பார்க்கிறேன். ஐந்து வாரமாக வெறும் தூசிதான். போன வாரம் குளியலறையில் மட்டும் பெரியது ஒன்று, மஞ்சள் கரையோடு. சாக்கடை மூடி இன்னும் மாற்றவில்லை; கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.