பிரேக் பேட் மாத்த 1,600-ஆ, 4,680-ஆ, 14,656-ஆ? செங்கோட்டைப் பக்கம் வாங்குன மூணு கொட்டேஷன்

எங்க சித்தப்பா கார், முன் வீல்ல டிஸ்க் பிரேக் (சுத்துற தட்ட ரெண்டு பேட் அமுக்கிப் பிடிக்கும்), பின் வீல்ல ட்ரம் பிரேக் (வட்ட டப்பாவுக்குள்ள ஷூ விரிஞ்சு பிடிக்கும்) உள்ள சாதா ஹேட்ச்பேக், பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் லேசா உதறுது, கூடவே கீச்சுனு ஒரு சத்தம். மூணு எடத்துல ரேட் கேட்டோம். தென்காசிப் பக்கம் ஏசி வெயிட்டிங் ரூம்லாம் வச்ச பெரிய ஒர்க்‌ஷாப்புல 14,656 ரூபா. செங்கோட்டையில ரோட்டோர மெக்கானிக் அண்ணாச்சி 1,600. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இருக்க புனலூர்ல பிரேக் வேலை மட்டும் பாக்குற கடையில 4,680. "ஏல, 1,600-க்கு முடியுற வேலைக்கு 14,000 கேக்கான் பாரு"ன்னு சித்தப்பா ஆரம்பிச்சிட்டாரு, ஆனா மூணு பேரும் சொன்னது மூணு வேற வேற வேலைக்கு, அதப் பிரிச்சுப் பாக்காம யாரு ஏமாத்துறா யாரு நியாயம்னு சொல்லவே முடியாது.

பெரிய ஒர்க்‌ஷாப் குடுத்த பேப்பர் கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி நீளம். முன் பேட் செட் 2,300, டிஸ்க் ரெண்டு 4,300, பின் வீல் ஷூ 1,650, பிரேக் ஆயில் 420, லேபர் 2,900, "பிரேக் க்ளீனிங், ஆன்ட்டி நாய்ஸ் ட்ரீட்மென்ட்" 850. கூட்டுனா 12,420, அதுக்கு மேல கீழ ஒரு வரியில 18 சதவீதம் ஜிஎஸ்டி. இங்கதான் மொத கோளாறு. 2,300ங்கிறது பேட் பாக்ஸ் மேல அச்சடிச்ச எம்ஆர்பி, எம்ஆர்பின்னாலே எல்லா வரியும் உள்ள அடங்குன வெல, மத்த ஸ்பேருக்கும் எம்ஆர்பியத்தான் போட்டிருந்தாங்க, அது மேல திருப்பி வரி போட்டா ஸ்பேர்ல மட்டும் 1,560 ரூபா சும்மா போகுது. லேபருக்கு 18 தனியா போடுறது சரிதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் ஸ்பேருக்கும் 28 எறங்கி 18 ஆயிருச்சு, எவனாவது பழைய ஃபார்மட்லயே 28 போட்டுக் குடுத்தா அங்கயே கேளுங்க. கேரளாவுல டாக்ஸ் கூடன்னு நம்ம ஆளுங்க சில பேர் சொல்லுவாங்க, பார்ட்ஸுக்கு ரெண்டு பக்கமும் ஒரே ரேட்தான்.

அடுத்து லேபர். பேட் மாத்த தனி, டிஸ்க் மாத்த தனி, ஷூவுக்கு தனி, ஆயிலுக்கு தனின்னு பிரிச்சு 2,900 ஆக்கியிருக்காங்க. டிஸ்க்கக் கழட்டணும்னா வீலக் கழட்டி, பேட்டப் பிடிச்சிருக்க காலிப்பர எடுத்தே ஆகணும், பேட் மாத்துறதுக்கும் அதே வேலைதான், அப்ப ரெண்டுக்கும் முழு லேபர் எதுக்கு? இதக் கேட்டா அட்வைசர் தம்பி "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வரும்"ங்கான். இன்னொன்னும் பாத்துக்கோங்க, பேட் செட்டுன்னா நாலு பீஸ், ரெண்டு முன் வீலுக்கும் அதுவே போதும், சில எடத்துல "வீலுக்கு ஒரு செட்"னு சொல்லி ரெண்டு செட் போடுவாங்க. இவங்க அத செய்யல, நியாயமா சொல்லணும்ல.

பின் ஷூவ ஏன் மாத்தணும்னு கேட்டதுக்கு "பேட் போனா ஷூவும் போயிருக்கும்"னு பதில். அப்படிலாம் இல்ல, பிரேக் பிடிக்கும்போது வெயிட்டு முன்னாடி சாயும், முன் பிரேக்குதான் பெரும்பங்கு வேல பாக்கும், ஷூ ரொம்ப நாள் ஓடும். ட்ரம்மக் கழட்டிப் பாத்துட்டு ஷூ மேல ஒட்டுன லைனர் தேஞ்சிருக்கு, இல்ல ஷூவத் தள்ளுற வீல் சிலிண்டர் ஒழுகுதுன்னா மாத்தலாம், இவங்க கழட்டவே இல்ல. டிஸ்க்குக்கும் "வோர்ன் அவுட்"னு எழுதியிருக்கே ஒழிய எத்தனை மில்லிமீட்டர்னு ஒரு நம்பர் கிடையாது.

அந்த நம்பர்தான் புனலூர் கடையில கெடச்சது. பேட் பழசு 3 மில்லிமீட்டர் மிச்சம், புதுசுல பொதுவா 10, 12 கிட்ட இருக்கும், 3 வந்தா மாத்தணும், கீச்சு சத்தத்துக்கும் அதான் காரணம், பேட்ல இருக்க சின்ன இரும்புத் தகடு டிஸ்க்க உரச ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் அந்தக் கடைக்காரர் டிஸ்க் அளந்தாரு பாருங்க, அதத்தான் நான் ரசிச்சேன். டிஸ்க் தேயத் தேய ஓரத்துல பேட் படாத எடம் மேடா, துருப்பிடிச்சு நிக்கும், வெர்னியர்ங்கிற அளவுக் கருவிய நேரா வச்சா அந்த மேட்ட அளந்து கூடக் காட்டும். அதனால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ரூபா காச வச்சு, அதுக்கு மேல வெர்னியரப் பிடிச்சு, அப்புறம் காசு ரெண்டயும் தனியா அளந்து கழிச்சாரு. 16.2 வந்துச்சு. டிஸ்க்லயே மினிமம் 15ன்னு குத்தியிருக்கு. "டிஸ்க் மாத்தண்ட அண்ணா, லேத்தில் இட்டா மதி"ன்னுட்டாரு, அதாவது மாத்த வேணாம், லேத் மெஷின்ல போட்டு சீவுனா போதும். பக்கத்துக்கு கால் மில்லிமீட்டர் சீவுனாலும் 15.7 நிக்கும், உதறலும் போயிரும், 4,300 எடத்துல 800.

இன்னொன்னயும் அவருதான் காட்டுனாரு. ஒரே வீல்ல உள்பக்க பேட் 3, வெளிப்பக்கம் 5. காலிப்பர் நகர்ற கம்பி, அதான் பின், காஞ்சு இறுகிப் போச்சுன்னு அர்த்தம், அதக் கழட்டி துடச்சு கிரீஸ் வைக்காம புது பேட் போட்டா அதுவும் இதே மாதிரி ஒருக்களிச்சுத்தான் தேயும். இந்த வேல பெரிய லிஸ்ட்ல "க்ளீனிங்"கிற பேர்ல இருந்துச்சோ என்னமோ, கேட்டப்ப அவங்களுக்கே தெரியல. புனலூர் ரேட்டு: அதே கம்பெனி பேட் 2,300, டிஸ்க் லேத் 800, ஆயில் 380, பிரேக் லைன்ல ஏர் எடுக்க 300, காலிப்பர் பின்னுக்கு கிரீஸ் வைக்கிறதோட லேபர் 900. வெல சொன்ன ஸ்பேருக்கு மேல தனியா வரி எதுவும் இல்ல.

செங்கோட்டை அண்ணாச்சி 1,600-ல 1,100 பேட், 500 கூலி. கூலி சரியான கூலி, கை வேலயும் சுத்தம், அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். பேட்தான் இடிக்குது. பேர் இல்லாத பாலித்தீன் கவர், பார்ட் நம்பர் கிடையாது, பில்லும் கிடையாது. டிவிஎஸ் கர்லிங், ரானே, பாஷ்னு பேர் உள்ளதா தென்காசி ஸ்பேர் கடையில பில்லோட வாங்கிக் குடுத்தா அதே 500-க்கு போட்டுத் தாரேன்னு அவரே சொல்லிட்டாரு. ஆனா லேத் அவர்கிட்ட இல்ல, எமரி தாள் போட்டுத் தேச்சு விடுவாரு, உதறல் அதுல போகாது. ஆயிலும் "பாத்தா நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுட்டாரு.

ஆயில் விஷயத்துல மட்டும் நான் பெரிய ஒர்க்‌ஷாப் பக்கம். சித்தப்பா வாரா வாரம் கேரளாவுல ஆரியங்காவு தாண்டிப் போறவரு, திரும்பி வரும்போது எல்லையில இருக்க கோட்டைவாசல்ல இருந்து புளியரைக்கு எறங்குற எஸ் வளைவுல முன்னாடி லோடு லாரி ஊர்ந்தா நம்ம காலும் பிரேக்கு மேலயேதான் கெடக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்த இழுக்கும். டாட் 4ங்கிற பிரேக் ஆயில் ரகம் புதுசா இருக்கும்போது கொதிநிலை கொறஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் சேந்தப்புறம் அதுக்கான அளவு 155-தான். சூட்டுல கொதிச்சு உள்ள ஆவி கட்டுச்சுன்னா பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிக்காது. ரெண்டு வருசம் ஆச்சுன்னா நல்லா இருக்கா இல்லையான்னு கலரப் பாத்துட்டு நிக்காம மாத்திரணும். செகண்ட் கியர்ல எறங்குனா பிரேக்குக்கு பாதி வேல கொறையும், அத சித்தப்பாவுக்கு யாரு சொல்றது.

இப்ப யாருக்கு எது? உதறல் இல்ல, சும்மா பேட் மட்டும் தேஞ்சிருக்கு, சமதளத்துலதான் ஓட்டம்னா செங்கோட்டை அண்ணாச்சி, பேட்ட மட்டும் நீங்க வாங்கிக் குடுங்க, காலிப்பர் பின்னுக்கு கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. மலை ஏறி எறங்குற வண்டி, டிஸ்க்ல சந்தேகம்னா புனலூர், போக வர கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் பெட்ரோல சேத்தாலும் கணக்கு கட்டும். அந்தப் பக்கம் போக இங்க யாரும் யோசிக்கிறதும் இல்ல, 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு, கரகரன்னு இரும்பும் இரும்பும் உரசுற சத்தம் வந்துருச்சுன்னா காசு மிச்சம் பிடிக்கிறேன்னு அந்த வண்டியிலயே கணவாய் ஏறாதீங்க, இங்கயே பக்கத்துல நிப்பாட்டி முடிங்க. பெரிய ஒர்க்‌ஷாப் வாரன்டி எழுதித் தாராங்க, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாம பாக்குற சிஸ்டம்) லைட் எரியுற மாதிரி ஸ்கேனர் வேணும்கிற கேஸுக்கு அங்க போறது சரி, பேட் மாத்துறதுக்கு அது தேவப்படல.

சித்தப்பா புனலூர்லதான் முடிச்சாரு, பழைய பேட்டயும் கேட்டு வாங்கிட்டு வந்தாரு, மொத முந்நூறு கிலோமீட்டர் சடார்னு மிதிக்காம ஓட்டச் சொல்லி அனுப்பியிருக்காங்க. அளவு எழுதுன அந்தப் பேப்பர பெரிய ஒர்க்‌ஷாப் தம்பிகிட்ட காட்டுனோம். ஷூவயும் க்ளீனிங்கயும் லிஸ்ட்ல இருந்து அவனே அடிச்சுட்டான், ஸ்பேர் மேல போட்ட வரியயும் எடுத்துட்டான், டிஸ்க்க மட்டும் கடைசி வரைக்கும் விடல.