முதலில் ராக்கு, அடுத்து ஹகி, அப்புறம்தான் கராட்சுவா?

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் ஊறியவர்களிடம் எந்தக் கிண்ணம் உசத்தி என்று கேட்டால் ஒரு பழமொழியை எடுத்து நீட்டுவார்கள்: "இச்சி ராக்கு, நி ஹகி, சான் கராட்சு." ஒன்று ராக்கு, இரண்டு ஹகி, மூன்று கராட்சு. ஓசாகாவில் வேலை பார்த்த காலத்தில் வாராவாரம் ஒரு சடங்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றிலும் குடித்திருக்கிறேன், ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மூக்கும் உடைபட்டிருக்கிறேன். அந்த வரிசை பொய்யில்லை. ஆனால் அது எந்தத் தேநீருக்குப் போட்ட வரிசை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சடங்கில் மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) இரண்டு விதமாகக் கலக்கப்படும். 'உசுச்சா' நீர்த்தது, ஆளுக்கு இரண்டு கிராம் தூள், மேலே நுரை. 'கொய்ச்சா' அதைப்போல இரண்டு மடங்கு தூள் போட்டு, நுரை வராமல் குழைத்த கெட்டித் தேநீர். ஒரே கிண்ணத்தில் கலக்கி விருந்தினர்கள் கைமாற்றிக் குடிப்பது வழக்கம். கடைசி ஆளிடம் வரும்வரை சூடு நிற்க வேண்டும், அதே சமயம் யார் கையையும் சுடக் கூடாது. சடங்கின் உச்சம் இந்தக் கொய்ச்சாதான். பழமொழியின் வரிசையும் அதற்கே பொருந்துகிறது.

அந்த வேலைக்கு ராக்குவை அடிக்க ஆளில்லை. (நவக்கிரக ராகுவை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் சோஜிரோ என்ற குயவர், தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூவின் ரசனைக்கு ஏற்ப வனைந்த கிண்ணங்களில் தொடங்குகிறது இதன் கதை. சக்கரமே கிடையாது. களிமண்ணைத் தட்டையாக்கி, கையாலேயே ஓரங்களைத் தூக்கி நிறுத்தி, காய்ந்தபின் கத்தியால் செதுக்குவார்கள். கறுப்பு ராக்குவுக்குக் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்துப் பூச்சாகப் பூசி, சிறிய கரி உலையில் ஒவ்வொன்றாக வைத்துத் துருத்தி ஊதிச் சுடுவார்கள். பூச்சு உருகித் தகதகக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுத்துவிட வேண்டும். இடுக்கி கவ்விய வடு பல கிண்ணங்களின் வெளிப்புறத்தில் அப்படியே இருக்கும்.

இப்படிச் சுட்ட மண் இறுகிப்போவதில்லை. உள்ளே பொடிப்பொடிக் காற்றறைகள் இருப்பதால் சூடு மெதுவாகத்தான் கடக்கும். குளிர்கால வகுப்பு ஒன்றில் எங்கள் சென்செய் (ஆசிரியர்) ஒரு கறுப்பு ராக்குவை முன்னால் வைத்தார். கையில் எடுத்ததும் எடை குறைவதுபோலத் தோன்றியது. சூடு உடனே தெரியவில்லை. மூன்று மூச்சு கழித்து உள்ளங்கைக்கு மெல்ல வந்து சேர்ந்தது. இருட்டறையில் கிண்ணம் கண்ணுக்கே தெரியாமல், பச்சை மட்டும் தெரிந்தது. மூங்கில் கலக்கியின் நுனி விளிம்பில் பட்டாலும் மழுங்கிய ஒலிதான். விளிம்பும் ஒரே மட்டமாக இல்லை. லேசாக ஏறி இறங்கியதால் உதடு தானே இடம் தேடிக்கொண்டது.

குறையும் அந்த மென்மையிலேயே இருக்கிறது. சிங்கில் கொஞ்சம் வேகமாக வைத்தால் விளிம்பு போய்விடும். ராக்கு குடும்பம் இன்று 16ஆம் தலைமுறையில் நிற்கிறது. அவர்கள் கையால் செய்த கிண்ணத்துக்குப் பல லட்சம் யென் வேண்டும். மற்றக் கூடங்களின் ராக்கு மலிவாகக் கிடைக்கும், வகுப்புகளில் பெரும்பாலும் அதுதான். இணையத்தில் செம்பு மினுமினுப்போடு 'ராக்கு' என்று காட்டுவார்களே, மரத்தூளுக்குள் போட்டுப் புகையூட்டுவது, அது 1960களில் அமெரிக்கக் குயவர்கள் வளர்த்தெடுத்த வேறு வித்தை. அதில் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

ஹகிக்கும் கராட்சுவுக்கும் பூர்வீகம் வேறு. இரண்டுமே கொரியாவின் பிள்ளைகள். அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1592இலும் 1597இலும் கொரியாவின்மேல் படையெடுத்தபோது, ஜப்பானியப் பிரபுக்கள் அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். 'மண்பாண்டப் போர்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அப்படி வந்த யி ஜாக்-குவாங், யி கியோங் என்ற சகோதரர்கள்தான் ஹகி கிண்ணத்தின் மூலவர்கள். 1604இல் மோரி தெருமோதோ என்ற பிரபு இன்றைய யமகுச்சி மாநிலத்து ஹகிக்குக் குடிமாறியபோது, சூளையும் அங்கே வேர்பிடித்தது.

ஹகி மண் தளர்வானது. பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்புகள். தேநீர் அவற்றின் வழியே இறங்கி, வருடக்கணக்கில் கிண்ணத்தின் நிறத்தையே மாற்றும். இதை 'ஹகியின் ஏழு மாற்றங்கள்' என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நான் ஒன்று வாங்கினேன், இளஞ்சிவப்பு மேனியில் வைக்கோல் சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாளே மேசையில் ஈர வளையம். கீழே கிடந்த கடவுச்சீட்டு நகல் பச்சையாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று வகுப்பில் புலம்பினேன். சென்செய் சிரித்துவிட்டு, "அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடாக்கி, அப்படியே ஆறவிடுங்கள்" என்றார். புது மண்சட்டியைக் கழுநீரில் பழக்கும் நம் அடுப்படி வேலையேதான்! இரண்டு முறை செய்தபின் கசிவு குறைந்தது. மாட்சாத் துகள்கள் அடைத்து ஒரு மாதத்தில் நின்றேவிட்டது.

அதற்காக ஹகி சாது என்று சொல்ல மாட்டேன். குடித்து முடித்ததும் கழுவி அலமாரிக்குள் தள்ளினால் பூசணம் பிடித்து நாறும். இரண்டு மூன்று நாள் திறந்த இடத்தில் காய வேண்டும். சோப்புப் பக்கமே போகக் கூடாது, மண் அதையும் குடித்துக்கொள்ளும். தினம் குடிக்கிற ஆளுக்கு ஒற்றை ஹகி போதாது.

கராட்சு சாகா மாநிலத்தில், கொரியாவைப் பார்த்த கரையில் இருக்கிறது. படையெடுப்புக்கு முன்பே, 1580களில், கிஷிதகே மலையடியில் சூளைகள் எரிந்தன என்பது பொதுவான கணிப்பு. போருக்குப் பின் வந்த கொரியர்களால் தொழில் பெருகியது. பெரும்பகுதி கிண்ணங்களும் குடங்களுமாக வீட்டுப் புழக்கத்துக்குத்தான் போயின. மேற்கு ஜப்பானில் மண்பாண்டம் எதுவானாலும் 'கராட்சு-மோனோ' என்றே அழைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் வேகமாக வனைந்து, இரும்புச் சாயத்தில் நாலு கீற்றுப் புல் வரைந்து, பல அறைச் சூளையில் உயர்ந்த சூட்டில் சுட்டது. மண் இறுகியிருக்கும், சொட்டாது, கலக்கி பட்டால் கணீரென்று பதில் சொல்லும்.

கவிழ்த்துப் பார்த்தால்தான் கராட்சுவின் ருசி புரியும். அடிப்பாகத்துக்குப் பூச்சு கிடையாது. கத்தி சீவிய இடத்தில் கரகரப்பான மண் சிறுசிறு சுருக்கங்களாக எழும்பி நிற்கும்; விரல் அங்கேயே நின்றுவிடும். ஹகியின் அடியில் பார்க்க வேண்டியது வளையத்தை வெட்டிய பிளவு. ராக்குவில் அடியும் பெரும்பாலும் பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது, அந்த வகையில் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம்.

கராட்சுவின் குறை சூடு. இறுகிய மண் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும். கொய்ச்சா வரிசையில் அதற்கு மூன்றாம் இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உசுச்சாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மூன்று மடக்கில் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம். இதே பழமொழிக்கு "ஒன்று இதோ, இரண்டு ராக்கு, மூன்று கராட்சு" என்று வேறொரு பாடமும் உண்டு. இங்கே 'இதோ' என்பது ஒரு கொரியக் கிண்ண வகையின் பெயர். அதில் ஹகியே காணாமல் போகிறது! ஜப்பான் தேசியப் பொக்கிஷமாக அறிவித்த எட்டுத் தேநீர்க் கிண்ணங்களில் ஐந்து சீனத்தவை, ஒன்று கொரிய இதோ. உள்ளூரில் செய்தவை இரண்டே: கோயேட்சு என்ற கலைஞர் வனைந்த ராக்கு வகை 'புஜிசான்', அப்புறம் ஷினோ என்ற வெள்ளைப் பூச்சு வகையில் ஒன்று. ஹகியும் இல்லை, கராட்சுவும் இல்லை. வரிசைகளை அளவோடு நம்பலாம்.

வீட்டில் தனியாக, காலையில் ஒரு கிண்ணம் உசுச்சா என்றால் என் வரிசை தலைகீழ்: கராட்சு, ஹகி, ராக்கு. கெட்டித் தேநீர் பழகுபவர்கள் பழமொழியையே பின்பற்றலாம், மலிவான ராக்குவாக இருந்தாலும் பரவாயில்லை. எதை வாங்கினாலும் கடையில் அனுமதி கேட்டு, கையில் காப்பு, மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு, முழங்கையைத் தாழ்த்தி மேசைக்கு மேலேயே வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஹகி என்றால் கசியுமா என்றும் வாய்திறந்து கேட்டுவிடுங்கள்.