இசக்கியா, பகவதியா?

தங்கச்சிக்குப் பெண் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. இருபத்தெட்டாம் நாள் சடங்கான இருபத்தெட்டுக் கட்டுக்குள் பெயர் முடிவாக வேண்டும். எங்கள் ஆச்சி ஆரல்வாய்மொழிக்காரி. முப்பந்தல் இசக்கியம்மனுக்கு நேர்ந்து கிடைத்த பிள்ளை, அதனால் இசக்கியம்மை என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா மண்டைக்காட்டுப் பக்கம். மாசிக் கொடை விழாவுக்கு இருமுடி கட்டிப் போகிற அத்தைக்குப் பகவதியை விட்டால் வேறு பெயர் இல்லை. தாய்மாமன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. மோதிரம் போடச் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

பொருள் என்று பார்த்தால் பகவதிக்குத்தான் முதல் மார்க். பகவான் என்ற வடசொல்லின் பெண்பால் அது. 'பகம்' என்றால் திரு, பேறு. செல்வம், வீரம், புகழ், அழகு, ஞானம், பற்றின்மை என்று ஆறும் உடையவள் என விரித்துச் சொல்வார்கள். கன்னியாகுமரியில் கையில் செபமாலையோடு தவம் நிற்கிறவளும் பகவதி, மண்டைக்காட்டில் ஆளுயரம் தாண்டிய புற்றாக வளர்ந்து நிற்கிறவளும் பகவதி. கூப்பிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இசக்கிக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் பக்கம் ஒரு பெண் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "இசக்கி ஏறிட்டா" என்பார்கள். நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டு நீலி கதையும் இவளோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழிவாங்கக் காத்திருந்த பெண், இடுப்பில் குழந்தை, பக்கத்தில் கள்ளிச்செடி. கொடை இரவில் வில்லுப்பாட்டில் அந்த இடம் வரும்போது சின்னப் பிள்ளைகள் அம்மா மடிக்குள் போய்விடும். நானும் போயிருக்கிறேன். ஆனால் காலையில் அதே கோயிலில் வேறு காட்சி. வேப்ப மரக் கிளையில் மஞ்சள் துணியில் கட்டிய குட்டித் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். கீழே சுட்ட மண்ணில் செய்த பிள்ளை பொம்மைகள் வரிசையாக, சிலவற்றுக்கு மழையில் மூக்கு தேய்ந்திருக்கும். பிள்ளை கேட்டு வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போனவை. தங்கச்சி கட்டிய தொட்டிலும் அங்கே எங்கோ தொங்குகிறது.

சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? பெண் தேவதையைக் குறிக்கும் யக்ஷி என்ற வடசொல் தமிழில் இயக்கி ஆனது. சிலப்பதிகாரத்தில் மாதரி மதுரைக்கு வெளியே 'பூங்கண் இயக்கி'க்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். கண்ணகி அடைக்கலமாகப் போவது இந்த மாதரியிடம்தான். அந்த இயக்கிதான் நம் வாயில் இசக்கி. உயரம் ஒசரம் ஆகவில்லையா, முயல் மொசல் ஆகவில்லையா, அப்படித்தான். பகவதி வந்த கோலத்திலேயே இருக்கிறாள். இசக்கி நம் ஊர்த் தொண்டையில் தேய்ந்து, வடிவம் மாறி, நம்மூர்க்காரி ஆகிவிட்டாள். எனக்கு இந்த இடத்தில்தான் மனசு சாய்ந்தது.

இன்னொன்றும் உண்டு. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலை இருக்கிறதே, அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களோடு அம்பிகை என்னும் இயக்கியும் செதுக்கப்பட்டிருக்கிறாள். அருகில் பிள்ளைகளும் சிங்கமும். 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி அந்த மலைத் தெய்வத்துக்குப் பொன் நகை கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சமணக் குடைவரை பின்னாளில் பகவதி கோயில் ஆயிற்று. இயக்கி இருந்த மலையில் பகவதி. இதை அத்தையிடம் சொன்னேன். "அப்போ கடைசியில பகவதிதானே ஜெயிச்சா?" என்றார். ஆச்சியிடமும் சொன்னேன். "மொதல்ல இருந்தது யாரு மக்கா?" என்றாள்.

புழக்கத்தைப் பார்த்தால் இரண்டுமே இப்போது குறைவுதான். 2011 கணக்கெடுப்பில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். எனவே போட்டியே மீதிப் பாதியில்தான். அதிலும் பாட்டிமார் தலைமுறையில் வீட்டுக்கு ஒரு இசக்கியம்மை இருந்த தெருவில், இன்று பள்ளிக்கூட வேனில் ஏறுகிற பெண் பிள்ளைகளில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இசக்கி பட்டிக்காட்டுப் பெயர் என்று ஒதுக்குகிற வீட்டிலேயே யக்ஷிதா, யக்ஷினி என்று நாகரிகமாக வைக்கிறார்கள். வேர் ஒன்றுதான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அன்றாடச் சிக்கல்கள் இரண்டு பெயருக்கும் உண்டு. ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. தென்மாவட்டங்களில் பகவதி என்றும் இசக்கி என்றும் ஆண்கள் நிறைய. இங்கிலீஷில் பகவதியை 'பி' போட்டு எழுதுவதா, 'பிஎச்' போட்டு எழுதுவதா என்று ஆதாரில் ஒன்றும் மார்க் ஷீட்டில் ஒன்றுமாக நிற்கும். இசக்கிக்கு 'ஐ'யா, 'ஈ'யா என்ற வழக்கு. இதில் சமம். ஆனால் வெளியூரில் இசக்கி என்று சொன்னால் போதும், "திருநெல்வேலியா, நாகர்கோவிலா?" என்று அடுத்த கேள்வி வரும். பகவதி என்றால் "கேரளாவா?" என்பார்கள். 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டத்துக்காரனுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தும்.

அதனால் என் ஓட்டு இசக்கிக்கு. வால் எதுவும் வேண்டாம், வெறும் இசக்கி. காகிதத்தில் ஏற்ற அவசரமும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது.

எல்லாவற்றையும் தங்கச்சியிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பின்னால் பிள்ளை சிணுங்கியது.

"அண்ணா, அந்த மலைக்கு நகை குடுத்தாங்களே, அவங்க பேரு என்ன சொன்ன?" என்றாள்.