கல்லடி ஊடகக் கற்கை வகுப்பு: பயிற்சி சிறப்பு, கையேடு பழையது

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தைத் தெரிவு செய்தோருக்காக மட்டக்களப்பு, கல்லடியில் வார இறுதிகளில் நடத்தப்படும் தனியார் வகுப்பொன்றில், ஊடகம் யதார்த்தத்தை எவ்வாறு சித்திரிக்கிறது, மக்களை எவ்வளவு தூரம் மாற்றுகிறது என்ற அலகை இறுதிவரை இருந்து கேட்டேன். வெளியாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள், கட்டணமும் நியாயமானதே.

வகுப்பின் சிறப்பு அதன் பயிற்சியில் இருக்கிறது. ஒரே நாளில் வெளியான இரண்டு பத்திரிகைகளின் வெள்ளச் செய்திகளை ஆசிரியர் தலைப்பை மறைத்துச் சுவரில் ஒட்டினார். ஒன்றில் அரசியல்வாதி ஒருவர் நிவாரணப் பொதியை நீட்டுகிறார். மற்றையதில் ஒரு குடும்பம் மூட்டைகளோடு தோணியில் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் எது வெட்டப்பட்டிருக்கும் என்று மட்டுமே அவர் கேட்டார். பொதியைப் பெறுபவரின் கை தெரிகிறது, முகம் இல்லை என்று பின்வரிசை மாணவி ஒருவர் சொன்ன பிறகுதான், நாம் உலகை நேரடியாக அன்றி மனத்திலுள்ள படங்களின் வழியாகவே அறிகிறோம் என்று 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் எழுதியதை விளக்கத் தொடங்கினார். இரண்டு படங்களும் பொய்யல்ல, இரண்டும் தெரிவுகள் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கையேடு அந்தத் தரத்தில் இல்லை. ஊடகச் செய்தி ஊசிமருந்துபோல் எல்லோருக்குள்ளும் ஒரேமாதிரி இறங்கும் என்ற கோட்பாட்டுக்கு, 1938 ஒக்டோபர் 30இல் ஒலிபரப்பான செவ்வாய்க்கிரகவாசிகள் பற்றிய அமெரிக்க வானொலி நாடகத்தை அது சான்றாகக் காட்டுகிறது. அதை உண்மைச் செய்தியென நம்பி நாடு முழுவதும் பீதி பரவியதென்ற கதையைப் பெரும்பாலும் ஊதிப்பெருக்கியவை மறுநாள் பத்திரிகைகளே. உளவியலாளர் ஹட்லி கான்ட்ரிலின் 1940ஆம் ஆண்டு ஆய்வின்படியும் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அஞ்சவில்லை. சித்திரிப்பைக் கற்பிக்கும் அலகு, தானே ஒரு சித்திரிப்பை வரலாறென நம்பிவிடுவது வேடிக்கைதான்.

அம்பாறை உதாரணத்திலும் அதே குறை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி கிளம்பி, பள்ளிவாசல்வரை தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டி என்பது அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. மாத்திரை கலந்ததை உணவகக் காசாளர் ஒப்புக்கொள்வதுபோல் பேஸ்புக்கில் பரவிய காணொளியே எல்லாவற்றையும் செய்ததென்று கையேடு முடிக்கிறது. ஆனால், 1940இல் அமெரிக்காவின் ஓஹையோவில் வாக்காளரை ஆராய்ந்த சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர், ஊடகச் செய்தி பலரை அபிப்பிராயத் தலைவர்கள், அதாவது சுற்றத்தார் நம்பிக் கேட்கும் ஆட்கள், வழியாகவே சென்றடைவதைக் கண்டார்கள். நன்கு தெரிந்தவர் அனுப்பும்போது நம்பிவிடும் வட்ஸ்அப் பழக்கத்தை இது எவ்வளவோ தெளிவாக விளக்கும். முன்பே மனத்தில் இருந்த பயமின்றி அக்காணொளி அவ்வளவு தூரம் போயிருக்காது. அதே காணொளியை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சம்மாந்துறையில் பார்த்தவர், கூட்டத்தின் மிரட்டலுக்குப் பணிந்து தலையாட்டும் காசாளரையே அதில் கண்டிருப்பார். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் 1973இல் சொன்ன எதிர்நிலை வாசிப்பு, அதாவது செய்தி உணர்த்த விரும்பியதற்கு மாறாகப் பொருள்கொள்வது என்பது இதுதான். ஹாலுக்கு இவ்வகுப்பு ஒதுக்கியதோ கடைசி அரைமணி நேரம், அதுவும் எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்.

மண்டபத்தில் புழுக்கம் அதிகம், போட்டோ கொப்பிகளும் மங்கல். பரீட்சைக்குக் குறிப்பு தேடுவோர் கையேட்டை மட்டும் வாங்கிச் செல்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பத்திரிகைப் பயிற்சி நடக்கும் நாட்களைக் கேட்டறிந்து, அவற்றுக்காவது நேரில் போகலாம்.