மொன்ஸென்-நகாச்சோ சந்துக்கடையும் மாசி வாசமும்

கடையின் பெயரை எழுதட்டுமா என்று கடைக்காரரிடமே கேட்டேன். வாயைத் திறக்காமல் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே வைத்துக் காட்டினார். ஜப்பானில் அதற்குமேல் பேச்சே கிடையாது. மொத்தம் ஒன்பது நாற்காலி. அதில் ஐந்தாறு, தினமும் சாயங்காலம் வந்து உட்காரும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கு. நாலு பேர் படித்துவிட்டு வந்து வாசலில் நின்றால் அந்தப் பெரியவர்கள் எங்கே போவார்கள்? எனவே பெயர் கிடையாது. பேட்டையை மட்டும் சொல்கிறேன், கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டோக்கியோவில், நிஷி-கசாயில். அங்கிருந்து டோசாய் லைனில் நாலாவது ஸ்டேஷன் மொன்ஸென்-நகாச்சோ. பெயரின் முதல் பாதிக்கு 'கோயில் வாசலுக்கு முன்னால்' என்று பொருள். 1627-இல் தொடங்கிய தோமியோகா ஹச்சிமான் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் கோயிலைச் சுற்றிப் பூக்கடையும் பாத்திரக்கடையும் இருக்கிற மாதிரி இங்கே இசகாயாக்கள். 'இ' என்றால் இருத்தல், 'சகே' என்றால் சாராயம், 'யா' என்றால் கடை. அந்தக் காலத்தில் சாராயத்தை அளந்து விற்ற கடையில், வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்து குடித்திருக்கிறார்கள். கடைக்காரர் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடுத்திருக்கிறார். அப்படி வந்த தொழில் இது.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாய்ந்து வழிவிட வேண்டிய சந்து. சிவப்புக் காகித விளக்கு எரிந்து, வாசலில் நீலத் துணி தொங்கினால் கடை உண்டு. துணியை உள்ளே எடுத்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது. மூன்று வருஷமாகப் போகிறேன். இந்த மே மாதம் தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இதற்கு முன்னால் எழுதியிருந்தால் 'விலை மலிவு, மீன் நன்றாக இருக்கும், புகை அதிகம்' என்று மூன்று வரியில் முடித்திருப்பேன்.

நிஷி-கசாயில் இந்தியச் சாப்பாட்டுக்கடைகளுக்குக் குறைவில்லை. பத்தாம் நாள் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "இதத் திங்கவா பிளைட் ஏறி வந்தேன்? இந்த ஊர்க்காரன் திங்கிறத வாங்கிக் குடுல" என்றாள். சூஷிக்கடைக்கு அவள் வரமாட்டாள். பச்சை மீன் என்ற பேச்சே ஆகாது. அதனால் இங்கே.

கதவைத் தள்ளித் திறந்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். படி ஏற முடியவில்லையோ என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"ஏல, மாசி வாசம்லா அடிக்கி!"

மூன்று வருஷம் அந்தக் கதவைத் திறந்திருக்கிறேன். சிகரெட், கரி, பொரிக்கிற எண்ணெய் எல்லாம் என் மூக்கில் ஏறியிருக்கிறது. மாசி ஏறவில்லை. அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அடித்தது. அப்புறம் வேறெந்த வாசமும் அடிக்கவில்லை.

ஊர்ப்பக்கம் இல்லாதவர்களுக்கு: சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்தால் மாசி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்கிறார்கள். தூத்துக்குடியில் அதை அம்மியில் தட்டி, தேங்காயும் வற்றலும் வைத்து அரைத்தால் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். ஜப்பான்காரர்களும் அதே சூரையைத்தான் அவித்து, பலநாள் விறகுப்புகை போடுகிறார்கள். உசத்தி ரகத்துக்கு அதன்மேல் பூஞ்சை பிடிக்கவிட்டு, வெயிலில் வைத்து, மறுபடி பூஞ்சை பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் பொறுக்கிறார்கள். அதன் பெயர் கட்சுவோபுஷி. அதைச் சீவி, கொம்பு என்ற கடல்பாசி ஊறிய சுடுநீரில் போட்டு வடித்தால் தாஷி. நாம் எதற்கும் தாளிக்கிற மாதிரி இவர்கள் எதற்கும் தாஷி ஊற்றுவார்கள். 1908-இல் இகேதா கிகுனாயே என்ற விஞ்ஞானி அந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அம்மாவைக் கேட்டால் 'மாசி போட்டாப் போட்ட ருசி' என்பாள்.

சைவக்காரர்கள் இந்த இடத்தில் உஷாராகிவிடுங்கள். கீரை, முட்டை, கத்தரிக்காய், டோஃபு என்று பார்க்கச் சைவமாகத் தெரிகிற எல்லாவற்றிலும் இந்த மீன்சாறு இருக்கும். கேட்டால் 'மீன் இல்லை' என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை, தாஷியை அவர்கள் மீன் கணக்கில் வைப்பதில்லை.

உட்கார்ந்ததும் சுடச்சுட ஈரத்துண்டு. கைமட்டும் துடைக்க வேண்டும் என்பது மரியாதை. அம்மா முகம், கழுத்து, பிடரி எல்லாம் துடைத்தாள். நான் நெளிந்துகொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவரும் தம் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தானா, அம்மாவுக்காகச் செய்தாரா, தெரியவில்லை.

அடுத்து, கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம். இதற்கு ஓதோஷி என்று பெயர், ஆளுக்கு 400 யென். ஆர்டர் பண்ணாததற்குப் பணமா என்று வெளிநாட்டுக்காரர்கள் சண்டை போடுகிற விஷயம் இதுதான். உட்கார்ந்ததற்கு வாடகை என்று நினைத்துக்கொண்டால் மனசு ஆறிவிடும். இந்தக் கடையில் அந்த வாடகைக்கு மதிப்பு உண்டு. அன்றைக்குத் தாஷியில் ஊறிய பசலைக்கீரை, மேலே கட்சுவோபுஷிச் சீவல் தூவி. சூட்டில் சீவல் உயிருள்ளது மாதிரி நெளியும் என்பார்கள். இது ஆறின கீரை, நெளியவில்லை. அம்மா ஒரு வாய் வைத்தாள். "உப்பு பத்தல" என்றாள். கிண்ணத்தைக் காலிபண்ணினாள்.

இங்கே ஒரு விபத்து. இந்தக் கடையில் நான் எப்போதும் குடிப்பது ஹொப்பி. 1948-இல் டோக்கியோவில் வந்தது. பார்க்கவும் ருசிக்கவும் பியர் மாதிரி இருக்கும், ஆல்கஹால் 0.8 சதவீதம்தான். நல்ல பியர் சாமானியர்களுக்கு எட்டாத காலத்தில், ஷோச்சு சாராயத்தில் இதைக் கலந்து பியர் குடித்ததாகத் திருப்திப்பட்டிருக்கிறார்கள். ஐஸும் ஷோச்சுவும் ஊற்றின கிளாஸ் தனியாக வரும், ஹொப்பி பாட்டில் தனியாக வரும். சாராயம் தீர்ந்தால் 'நாகா' என்று கேட்க வேண்டும், அதாவது 'உள்ளே'. பாட்டில் தீர்ந்தால் 'சோதோ', 'வெளியே'. அம்மா முன்னால் குடிக்கக்கூடாது என்று இரண்டு பேருக்கும் ஊலாங் டீ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைக்காரர் எனக்கு முன்னால் கிளாஸையும் பாட்டிலையும் வைத்துவிட்டார். வழக்கமான ஆளுக்குக் காட்டுகிற மரியாதை அது.

"என்னல அது?"

"இந்த ஊரு சோடாம்மா."

அம்மா பாட்டிலைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சோடாவ எதுக்குல ரெண்டு பாத்திரத்துல தாராரு?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 'நாகா' என்று நான் இரண்டாம் முறை கேட்டபோது சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெனு அந்தக் காகிதங்கள்தான். ஒரு சாண் நீளச் சீட்டுகளில் தூரிகையால் எழுதி வரிசையாக ஒட்டியிருக்கும். படம் கிடையாது, ஆங்கிலம் கிடையாது. சில சீட்டில் விலையும் கிடையாது, 'அன்றைய விலை' என்றிருக்கும். அதைக் கேட்காமல் ஆர்டர் பண்ணாதீர்கள். முதல் வருஷம் ஒரு நண்டுக்கு நான் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மே மாதம் என்றால் ஹட்சு-கட்சுவோ, அந்த வருஷத்தின் முதல் சூரை. தோலை வைக்கோல் தீயில் சுட்டு, உள்ளே சிவக்கச் சிவக்கப் பச்சையாகவே வெட்டி, இஞ்சி பூண்டோடு வைப்பார்கள். 1,100 யென். வருஷத்தில் இந்தக் கடை தருகிற ஆகச் சிறந்த தட்டு இதுதான். வெளியே புகை, உள்ளே இரும்பு மாதிரி ஒரு ரத்த ருசி, பூண்டு அதை அடக்கும். அம்மா தொடவில்லை. "ஒண்ணு வேகணும், இல்ல வேகாம இருக்கணும். இது என்ன கொடும?" என்றாள். முழுத்தட்டும் எனக்கு.

கிளிஞ்சல் வந்தது. ஊரில் மட்டி என்போம். ஃபுகாகாவா என்ற இந்தப் பகுதி ஒருகாலத்தில் கடலோரம். மட்டியும் சோறும் கலந்த ஃபுகாகாவா-மெஷி இங்கே பிறந்த சாப்பாடுதான். இந்தக் கடையில் சகே ஊற்றி மூடி வேகவைத்துத் தருகிறார்கள். அம்மா ஓட்டை எடுத்துச் சாற்றை உறிஞ்சிக் குடித்தாள். என்ன ஊற்றி வேகவைத்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஹொக்கே மீனைப் பிளந்து, உப்பில் போட்டு, காயவைத்து, கரியில் சுட்டது அடுத்தது. பெரிய தட்டில் வால் வெளியே நீட்டிக்கொண்டு வரும். "கருவாடாக விட்டிருக்கணும், அவசரப்பட்டுட்டான்" என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கு அந்த அரைக்கருவாடுதான் பிடிக்கும். உருளைக்கிழங்கு சாலட் சுமார். கணவாயைக் குடலோடு உப்பில் ஊறப்போட்ட ஷியோகாரா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், மூன்று வருஷத்தில் மூன்று தடவை முயன்றுவிட்டேன். இனி இல்லை.

முட்டைக்கு ஒரு பத்தி தர வேண்டும். தாஷிமாகி: முட்டையை அடித்துத் தாஷி கலந்து, செவ்வகச் சட்டியில் மெல்லிசாக ஊற்றி, சுருட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி சுருட்டி. கரண்டி வைத்தால் சாறு கசியும். பல கடைகளில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். இங்கே சர்க்கரை இல்லை. அம்மா எழுந்து நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரரை இங்கே எல்லாரும் 'தைஷோ' என்பார்கள். படைத்தளபதி என்று அர்த்தம். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, அதுல மாசித் தண்ணிதான ஊத்துறீக?" என்று தமிழிலேயே கேட்டாள்.

நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன். எங்கள் ஊரிலும் கட்சுவோபுஷி உண்டு என்று அம்மா சொல்கிறாள் என்றேன். அவர் சட்டியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். கையில் இரண்டு கட்டையும் இழைப்புளி கவிழ்த்த மாதிரி ஒரு மரப்பெட்டியும் வந்தன. கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார். டங் டங் என்று மரச்சத்தம். அம்மா வாங்கிப் பார்த்தாள், நகத்தால் கீறினாள், மோந்தாள், நாக்கில் வைக்கப் போனாள். தைஷோவின் மனைவி 'ஹா' என்று வாயைப் பொத்திக்கொண்டார். மேலே பூஞ்சை. அம்மா அம்மியில் வைத்து நசுக்குகிற மாதிரிக் கையை ஆட்டிக் காட்டினாள். இத்தனை மாதம் பொறுத்துச் செய்ததை நசுக்குவதா என்று தைஷோ கண்ணை மூடிக்கொண்டார். கடையே சிரித்தது.

நடுவில் இரண்டு தடவை அம்மா "சோறு எங்கல?" என்று கேட்டாள். இசகாயாவில் சோறு கடைசியில்தான் வரும். குடிக்கிறவரை தொட்டுக்கொள்வது, முடிக்கும்போது 'ஷிமே' என்று கொஞ்சம் சோறோ நூடுல்ஸோ. நமக்கு இது தலைகீழ். குழம்பு, பொரியல் எல்லாம் தின்று முடித்துவிட்டுச் சோறு என்றால் எப்படி? கடைசியில் ஓசாஸுகே வந்தது. சில கடைகளில் சோற்றின்மேல் டீயை ஊற்றுவார்கள், இங்கே சூடான தாஷி. நடுவில் ஒரு உமேபோஷி, உப்பில் ஊறின புளிப்புக்காய். அம்மா கரண்டியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். "பழையதும் நார்த்தங்கா ஊறுகாயும் மாதிரி இருக்குல" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சி இருந்தா இதத் தின்னிருப்பா" என்றாள். இன்னொன்று சொன்னோம்.

சரி, குறைகள். முதல் குறை புகை. 2020 ஏப்ரலில் இருந்து சாப்பாட்டுக்கடைகளுக்குள் புகைப்பதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் டோக்கியோவில், சம்பள ஆள் இல்லாமல் குடும்பமே நடத்துகிற பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு. இங்கே தைஷோவும் மனைவியும்தான், எனவே எல்லாரும் ஊதுகிறார்கள். அம்மாவின் பருத்திச்சேலையை இரண்டு தடவை துவைத்தும் வாசம் போகவில்லை. குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள். அடுத்தது பில். ஒரு துண்டுக்காகிதத்தில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தருவார், எது எவ்வளவு என்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் 7,150 யென். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. கார்டு வாங்கமாட்டார், காசுதான். டிப்ஸ் வைத்தால் சந்துவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்.

ஆறு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும். நாலு பேராகப் போகாதீர்கள், இரண்டுதான் சரி. உள்கோடி நாற்காலியைக் காட்டினால் கொஞ்ச நேரம் காத்திருந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கதவை ஒவ்வொருவர் திறக்கும்போதும் முழங்கையில் இடிக்கும். அம்மாவுக்கு அன்றைக்கு நாலு தடவை இடித்தது. நாலாவது தடவை இடித்தவர் அந்த ஈரத்துண்டுப் பெரியவர். அவர் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டதில் அவருடைய தலை எதிர்ச் சுவரில் முட்டியது.