எச்சரிக்கை: "நாங்களே வெட்டி வளர்த்த தாய் அனிமோன்" என்று சொல்லி 2,400 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டார்கள்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள், குறிப்பாகப் பூப்போல விரியும் கடல் உயிரான கடல் சாமந்தியை, அதாவது அனிமோனை, வீட்டிலேயே பெருக்கலாம் என்று ஆசைப்பட்டுப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், இதை முழுவதும் படித்துவிட்டு அடுத்த பொருளை வாங்குங்கள். வெட்டிக் குட்டிகளைப் பெருக்குவதற்கான தாய் என்று நம்பி நான் வாங்கிய நான்கில் கடைசி அனிமோனையும் நேற்று இரவு தொட்டியிலிருந்து அள்ளி எடுத்துப் போட்டேன். ஒன்று 600 வீதம் 2,400 ரிங்கிட் போய்விட்டது. கை இன்னும் நாறுகிறது, வயிறு எரிகிறது.

கடையின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் விவகாரத்தை முறைப்படி கொண்டுபோகப் போகிறேன். கடல்நீர் உயிரினங்களை மட்டும் விற்கும், மாடி ஷாப்லாட்டில் இயங்கும், இரவு நேரத்தில் நேரலை போட்டு ஏலம் விடும் வகைக் கடை என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும்.

நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களையும் இதே வழியில்தான் நம்ப வைப்பார்கள். நான் போனபோது கடைக்காரர் தம்முடைய தொட்டியிலிருந்து நன்கு கொழுத்த ஒரு பபுள் டிப் (விரல் நுனிகள் குமிழ்போல் உப்பியிருக்கும் இனம்) அனிமோனை எடுத்து, பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் வைத்து, உறை பிரிக்காத புது பிளேடைப் பிரித்து, வாயின் நடுவில் வைத்து ஒரே இழுப்பில் இரண்டாக வெட்டினார். இரண்டு பாதிகளும் உடனே சுருண்டு, வழவழவென்று சளியைக் கக்கின. அவற்றைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, ஓட்டை போட்ட சிறு டப்பாவுக்குள் விட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் வாய் கொஞ்சம் இருக்கணும் அண்ணே, இல்லேன்னா பொழைக்காது. காயம் மூடி வாய் ஒழுங்கா ஆகுற வரைக்கும் சாப்பாடு போடக்கூடாது" என்றார். முன்பு வெட்டியவை என்று சொல்லி, டைல்ஸ் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு வட்டமாக விரிந்திருந்த குட்டிகளையும் காட்டினார். அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பபுள் டிப் தானாகவே நெடுவாக்கில் பிளந்து இரண்டாகும் இனம். ஆரோக்கியமாக இருந்தால் வெட்டினாலும் ஓரிரு வாரத்தில் காயம் ஆறி இரண்டும் முழு உயிராகிவிடும். தொழில் தெரிந்தவர், அதுவும் தமிழில் பொறுமையாக விளக்குகிறவர் என்று மனம் இளகிவிட்டது. "குட்டிகள நானே 150 வெள்ளிக்குத் (ரிங்கிட்) திரும்ப வாங்கிக்கிறேன்" என்று அவர் சொன்னதும், பணத்தை அங்கேயே செலுத்தினேன்.

ஆனால் எனக்குக் கட்டிக் கொடுத்த நான்கும் அந்தத் தொட்டியிலிருந்து வந்தவை அல்ல. பின்னறையில், அடர்நீல விளக்கு மட்டும் எரிந்த வேறொரு தொட்டியிலிருந்து வந்தவை. "இதுங்கதான் தாய், கடல்ல புடிச்சது இல்ல, எங்ககிட்டயே பொறந்தது" என்றார்.

வீட்டுக்கு வந்து வெள்ளை விளக்கில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பளபளத்த நான்கும் கண்ணாடி போல வெளிறியிருந்தன. அனிமோனின் திசுவுக்குள் நுண்பாசி வாழ்கிறது. அதுதான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்து அதற்குக் கொடுக்கிறது, பழுப்பு நிறமும் அதனால் வருவதுதான். பிடித்து, பையில் அடைத்து, வெப்பத்திலும் இருட்டிலும் அலைக்கழித்தால் அந்தப் பாசி வெளியேறி உடல் வெளுத்துப்போகும். வெளுத்ததை நீல விளக்கு மறைத்துவிடும், ஏனென்றால் அந்த ஒளியில் அது முன்பைவிட அதிகமாக மின்னும். மேலும் பெரியதைத் திருப்பிப் பார்த்தால், பாறையைப் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதியான பாதத்தில் நீளமாக ஒரு கிழிசல். பாறையிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிய்த்து எடுத்தால்தான் அப்படிக் கிழியும். டைல்ஸில் பிறந்து வளர்ந்ததை யாரும் அப்படிப் பிய்க்கத் தேவையில்லை.

இனி அவர்கள் தட்டிக்கழித்த விதத்தைக் கேளுங்கள். மறுநாளே படம் அனுப்பினேன். வாய் பிளந்து நிற்கிறது, உடல் சுருங்குகிறது, பாறையைப் பிடிக்கவில்லை என்று எழுதினேன். "கவலப்படாதீங்க அண்ணே, பிளக்கப் போகுது, அதுக்குத்தான் இப்படி ஆகும்" என்று பதில் வந்தது. இதைவிடக் கொடுமையான பதில் இருக்க முடியாது. பிளவுக்கு முன் அனிமோன் சுருங்குவதும் வாய் கோணுவதும் உண்மையிலேயே நடப்பவை என்பதால், சாகிற உயிரின் ஒவ்வொரு அறிகுறியையும் பிறப்பின் அறிகுறியாகக் காட்டி நாளைக் கடத்தினார்கள். அடுத்த முறை கேட்டபோது தண்ணீர் சரியில்லை என்றார்கள். உப்பு அடர்த்தி 1.025, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்து வெப்பம் 26 பாகை, நைட்ரேட் 10க்குக் கீழே என்று பரிசோதனைப் படங்களோடு அனுப்பினேன். அதே தண்ணீரில் என்னுடைய பழைய பச்சை அனிமோன் இன்று வரை நன்றாக விரிந்து, கோமாளி மீன் ஜோடியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்தப் பதிலும் இல்லை. பிறகு விளக்கு போதாது என்றார்கள், பிறகு முதலாளி ஈப்போவுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நேரில் போய் நின்றபோது, உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிவிட்டு, கல்லாவில் இருந்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது என் எண்ணை முடக்கிவிட்டார்கள். 2,400 ரிங்கிட்டுக்கு அவர்கள் கொடுத்த ரசீதில் "அக்வேரியம் பொருள்" என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன.

நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீரில் ஊறிக் கரைந்த ஜவ்வரிசி மாதிரி ஆகிப் போயின. பெரியது கரைந்த இரவில் அம்மோனியா ஏறி, பாதிக்கு மேல் தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்தில் சர் ஜான் கிரஹாம் டாலியெல் என்பவர் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்து வந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்த ஒரு கடல் சாமந்தி, அவர் மறைந்த பின்னும் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்து, நூற்றுக்கணக்கில் குட்டிகளை ஈன்றது. வேறு இனம்தான், ஆனால் இந்த வகை உயிர்கள் எவ்வளவு காலம் வாழக்கூடியவை என்பதற்கு அதுவே சாட்சி. அப்படிப்பட்ட உயிர்களைக் குற்றுயிராகப் பிடித்து வந்து, பெருக்கத்துக்குத் தாய் என்று பெயர் சூட்டி விற்கிறவர்களை என்ன சொல்வது?

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். வாய் மூடியிருக்கிறதா, பாதம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணெதிரே ஒரு துண்டு இறால் போடச் சொல்லுங்கள்; அனிமோனின் விரல் போன்ற நீட்சிகள் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். புதிதாக வாங்கியதை உடனே வெட்டாதீர்கள். ரசீதில் இனம், வீட்டில் வளர்த்ததா கடலில் பிடித்ததா, விலை ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அந்தச் சுவர்த்தாளைக் கண்டு பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு 5 ரிங்கிட் கட்டணத்தில் நாமே மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. செத்ததைக் கரைவதற்கு முன் வெள்ளை விளக்கில் படம் எடுத்து, வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் செலுத்திய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். என் 2,400 ரிங்கிட்டுக்கான மனுவை நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதே வகைக் கடையில் இதே பேச்சைக் கேட்டு ஏமாந்தவர்கள் இருந்தால், ரசீதோடு எனக்குத் தனியாக எழுதுங்கள்.